விட்ட மீன்

பசியில்லாத மனிதன் ஒருவன் மீனைத் தூண்டிலில் பிடித்து, உயிர்ச்சேதம் நேராமல் மறுபடியும் அதே நீரில் விட்டுவிடுவானேயானால், அவன் செய்தது பாவமா, அல்லது பாவமென்று சொல்லத் தகாத வெறும் விளையாட்டா என்ற கேள்வி, இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷயரிலே ஓர் ஏரிக்கரையில் ஒரு முழுப்பகலைக் கழித்த நாள் முதலாக என் மனத்தை விட்டு அகலாமல் இருந்து வருகிறது. அங்கே வைத்தியத் தொழில் செய்துவரும் என் பால்ய சிநேகிதர் கெண்டைமீன் பந்தயம் பார்க்க என்னை அழைத்துப் போயிருந்தார். தூண்டிற்கலையைத் தியானத்தோடு சேர்த்துப் பேசும் புகழ்பெற்ற நூலை 1653ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐசக் வால்ட்டன் பிறந்த ஜில்லா அது என்பதை வழியில் அவர்தாம் நினைவூட்டினார்.

காலையில் சுமார் முப்பது பேர் கூடினார்கள். ஒரு துணிப்பையில் கையை விட்டு ஆளுக்கோர் எண்ணை எடுத்தார்கள். எந்த எண் வருகிறதோ, கரையில் அந்த எண் நட்டிருக்கும் இடத்தைத் தவிர வேறிடத்தில் அன்று அமர முடியாது. நல்ல இடம் வாய்த்தவரின் முகம் மலர்ந்ததையும், காற்றடிக்கும் மூலை வாய்த்தவர் ஒரு சொல்லும் சொல்லாமல் தம் பெட்டியைச் சுமந்துகொண்டு நடந்ததையும் பார்த்தபோது, ஊழ் என்ற சொல்லுக்கு இதைவிட எளிய வியாக்கியானம் வேண்டியதில்லை என்று தோன்றிற்று. பத்து மணிக்கு ஊதல் ஒலித்த பிறகே இரையை நீரில் இடலாம். நாலு மணிக்கு மறு ஊதல். இடைப்பட்ட ஆறு மணி நேரமும் 13 மீட்டர் நீளமுள்ள கார்பன் கோலை மடிமேல் தாங்கி, நீருக்கு மேலே ஊசிமுனை போலத் தெரியும் தக்கையின் நுனியில் கண்ணை ஊன்றி அவர்கள் அமர்ந்திருந்த கோலத்தை, யோக சாஸ்திரம் ஏகாக்ரதை என்று கூறும் நிலைக்கு அயலானதென்று என்னால் சொல்ல முடியவில்லை.

நான் ஒரு முதியவருக்குப் பின்னால் புல்தரையில் உட்கார்ந்திருந்தேன். தக்கை அமிழ்ந்தது; கோலுக்குள்ளிருந்து ரப்பர் இழை நீண்டு நீரைக் கிழித்துக்கொண்டு ஓடிற்று; மீன் இழுக்க இழுக்க அந்த இழை நெகிழ்ந்து கொடுத்து, அதன் பலத்தைக் கொண்டே அதைக் களைப்புறச் செய்தது. கைவலையில் வந்த கெண்டையை அவர் நனைத்த கையால் பிடித்தார். உலர்ந்த கை பட்டால் மேனியிலுள்ள வழுவழுப்பு போய் நோய் பற்றும் என்பதற்காகவே கையை நனைத்துக்கொள்கிறார்கள். கழற்றும்போது சதை கிழியாமலிருக்க, எதிர்முள் இல்லாத தூண்டில் முள்ளையே அந்த ஏரியில் அனுமதிக்கிறார்கள். கெண்டையின் உதடு குழாய்போல முன்னால் நீண்டு மடங்குவது. அதன் இருபுறமும் இவ்விரண்டாக நான்கு மீசைகள். தாடையில் பல் கிடையாது, தொண்டைக்குள்ளேதான் உண்டு. சேற்றில் இரையைத் தடவிச் சுவைத்து அறிவதற்கென்றே அமைந்த அந்த மெல்லிய உதட்டில்தான் முள் தைத்திருந்தது. பெண்களின் கண்ணுக்குக் கெண்டையை உவமை சொல்லிப் பழகிய நாட்டிலிருந்து வந்த நான், இமையில்லாத அந்தக் கண்ணை அவ்வளவு அருகிலே பார்த்தது அன்றுதான். முள்ளைக் கழற்றி, நீரில் தொங்கிய நீண்ட வலைப்பைக்குள் மீனை இறக்கிவிட்டு, அவர் அடுத்த இரையைக் கோத்தார். மாலையில் நிறுத்து எழுதியபின் எல்லாவற்றையும் ஏரியிலேயே விட்டுவிடுவார்கள்.

“ஒன்றையும் கொல்லவில்லையே, உங்கள் அகிம்சைக்கு இதில் என்ன குறை?” என்று நண்பர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் வள்ளுவர் கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாமல், அதற்கு முன்னதாகவே இன்னா செய்யாமைக்குத் தனியே ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். கொலை நீங்கினால் துன்பம் செய்த குற்றமும் தானே நீங்கிவிடுமென்று அவர் கருதியிருந்தால், இரண்டு அதிகாரங்களுக்கு அவசியமே இராது. மீனுக்கு நோவு உண்டா என்பதிலே விஞ்ஞானிகள் இன்னும் ஒருமிக்கவில்லை. 2003இல் லின் ஸ்னெடன் முதலானோர் டிரவுட் மீன்களின் உதட்டில் தேனீயின் நஞ்சையும் அமிலத்தையும் செலுத்திப் பார்த்தபோது, அவை உடலை ஆட்டி அசைத்ததையும், அமிலம் பட்டவை உதட்டைச் சரளைக் கல்லில் தேய்த்ததையும், வெகுநேரம் இரையெடுக்காமலிருந்ததையும் கண்டெழுதினார்கள். மனிதனுக்குள்ள மூளைப்புறணி மீனுக்கு இல்லையாதலால் நோவை உணர வழியில்லை என்று ஜேம்ஸ் ரோஸ் போன்றோர் மறுத்தார்கள். ஐயத்துக்கு இடமுள்ள வரையில் அந்த ஐயத்தின் பலனை உதடு உடைய பிராணிக்கே கொடுப்பது தர்மம் என்பது என் கட்சி.

சுவிட்சர்லாந்தின் சட்டம் இதைவிடக் கடுமையானது. விட்டுவிடும் எண்ணத்தோடு தூண்டில் போடுவதையே அது தடுக்கிறது. ஜெர்மனியிலும் நியாயமான காரணமின்றிப் பிராணிக்குத் துன்பம் செய்வது குற்றம். உணவு காரணமாகும், விளையாட்டு மட்டும் காரணமாகாது என்பதே அங்குள்ள பொதுக் கருத்து. ஆக, இங்கிலாந்தில் எந்தச் செயல் கருணையாகக் கொள்ளப்படுகிறதோ, அதுவே அங்கே குற்றமாகிறது; கொன்று தின்பவன் அங்கே நிரபராதி. முதலில் இது எனக்குத் தலைகீழாகப் பட்டது. யோசித்துப் பார்க்கையில், பசி என்ற காரணத்தை எடுத்துவிட்டால் முள்ளுக்கு வேறு சமாதானம் இல்லை என்றே அந்தச் சட்டம் சொல்லுவதாகத் தெரிந்தது.

ஐரோப்பாவிலே கெண்டையைக் குளம் வெட்டி வளர்த்தவர்களில் கிறிஸ்தவ மடத்துத் துறவிகளும் உண்டு. மாமிசம் விலக்கிய விரத நாட்களில் அது அவர்களுக்கு ஆகாரம். 1496இல் அச்சான ஆங்கிலத் தூண்டில் நூலையும் ஒரு மடத்துத் தலைவியின் பெயரிலேயே வழங்கி வருகிறார்கள். வால்ட்டனும், ஏசுநாதரின் சீடர்களில் நால்வர் மீனவர் என்பதைத் தம் கலைக்குப் பெருமையாக எடுத்துக் காட்டுகிறார். ஆனால் பேதுருவும் மற்றவர்களும் வலை வீசியது ஜீவனத்துக்காக அல்லவா?

நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்த நாயனாரும் மீனவர்தாம். அவரும் பிடித்த மீனை விட்டவர்தாம். நாள்தோறும் அகப்படும் மீன்களில் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலிலே விடுவது அவருடைய நியமம். பல நாட்கள் ஒரே ஒரு மீன் அகப்பட, அந்த ஒன்றையும் விட்டுவிட்டுச் சுற்றத்தாரோடு பட்டினி கிடந்தார்; கடைசியில் பொன்னும் மணியுமாக ஒளிவிட்ட மீன் வலையில் வந்தபோதும், அன்றைக்கு அது ஒன்றே கிடைத்ததாதலால் அதையும் விட்டார் என்று சேக்கிழார் பாடுகிறார். அவர் விட்டதற்கும் ஏரிக்காரர்கள் விடுவதற்கும் வெளித்தோற்றத்திலே பேதமில்லை. நாயனார் விட்ட மீனோடு அவருடைய சோறும் போயிற்று. பந்தயக்காரர் விடும்போதோ, மீனின் எடை ஏற்கெனவே ஏட்டில் ஏறிவிட்டது. அவர் விட்டுக்கொடுப்பதற்கு அதில் மிச்சம் ஒன்றுமில்லை. இதை நான் சொன்னபோது நண்பர் மறுமொழி கூறவில்லை.

மூன்று மணி சுமாருக்கு அந்த முதியவரின் கோல் முன் எப்போதும் இல்லாதபடி வளைந்தது. வெகுநேரம் போராடிக் கரை சேர்த்த மீன், அன்று அவர் பிடித்தவற்றுள் மிகப் பெரியது. பத்து ராத்தலுக்குக் குறையாது. முள்ளைக் கழற்றக் குனிந்தவர் சற்றே நிதானித்தார். உதட்டின் ஒரு பக்கம், என்றோ யாரோ அவசரமாக இழுத்ததில் கிழிந்து, ஆறி, கோணலாகச் சுருங்கியிருந்தது. புதிய முள் அந்தத் தழும்பை ஒட்டியே தைத்திருந்தது. கட்டைவிரலால் அந்தத் தழும்பை ஒரு முறை தடவினார். வலைப்பை அவருடைய இடது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவர் மண்டியிட்டு, மீனை இரு கைகளாலும் தாங்கி ஏரி நீரில் அமிழ்த்தி, அதன் செவுள் சீராகத் திறந்து மூடும் வரையில் காத்திருந்து, பிறகு கைகளை விரித்தார். வலைப்பைக்குள் போகாத மீன் கணக்கில் சேராது என்று நண்பர் என் காதில் சொன்னார்.

நாலரை மணிக்குத் தராசோடு வந்த இளைஞன் அவருடைய வலைப்பையை நிறுத்து எழுதிக்கொண்டு, “இவ்வளவுதானா, ஐயா?” என்று கேட்டான். “அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு அவர் கோலைப் பகுதி பகுதியாகக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.