கனியும் காலமும் நம் கடமையும்

மாங்காய் மரத்திலேயே கனிவதும் உண்டு; கொய்து வைக்கோலில் பொதிந்து கனியவைப்பதும் உண்டு. வினைகள் உதிரும் இருவகையை விளக்கவந்த பூஜ்யபாத ஆசாரியர், தத்துவார்த்த சூத்திரத்திற்குத் தாம் இயற்றிய சர்வார்த்தசித்தி என்னும் உரையில், காலம் வந்து தானே பயன்தந்து கழிவதை ஒருவகையாகவும், காலம் வருமுன்னரே முயற்சியால் பயனுக்குக் கொணர்ந்து கழிப்பதை மற்றொரு வகையாகவும் பிரித்தார். பின்னதற்கு மா, பலா முதலியவற்றைக் கனியவைத்தலை உவமையாகக் காட்டினார். அவ்வுவமை வினையைப் பற்றியது, மகப்பேற்றைப் பற்றியதன்று. எனினும் அண்மையில் நம் உறவினர் இல்லத்தில் எழுந்த ஒரு வினா அதனை நமக்கு நினைவூட்டியது.

நம் தங்கையின் பேத்திக்கு அது முதற்பேறு. மருத்துவர் குறித்த நாள் கடந்து நான்கு நாள்களாகியும் வலி எடுக்கவில்லை. கால்கள் வீங்கிப் படுக்க இயலாமல் இரவெல்லாம் நாற்காலியில் அமர்ந்தே கண்ணயர்ந்தாள். நடுவே சூட்டு வலி வந்து ஏமாற்றிச் சென்றது. மருத்துவ அம்மையார், "41 வாரம் நிறையும்வரை ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து குழந்தையின் இதயத் துடிப்பையும் பனிநீரின் அளவையும் பார்த்துக்கொள்ளலாம். அதற்குள் வலி வராவிடில் மருந்து கொடுத்து வலியை வரவழைப்பது நல்லது. வீட்டில் கலந்து பேசிச் சொல்லுங்கள்" என்று கூறி அனுப்பினார்.

வீட்டில் நான்கு கருத்துகள் எழுந்தன. "பழுத்த பழம் தானே விழும், ஊசியும் மருந்தும் எதற்கு?" என்றார் பெண்ணின் தாயார். "எப்படியும் மருந்து கொடுப்பதானால் நல்ல நட்சத்திரம் பார்த்து நாளைக்கே கொடுக்கச் சொல்லலாமே" என்றார் மாமியார். "எல்லாம் வினைப்பயன், நம் கையில் என்ன இருக்கிறது?" என்றார் பாட்டனார். மருந்து கொடுத்தால் அறுவையில்தான் முடியும் என்று யாரோ கூறக் கேட்டு அஞ்சினார் கணவர். அனைவரும் பேசி ஓய்ந்தபின் அப்பெண் நம்மிடம் கேட்டாள்: "ஆயா, மருந்து கொடுத்து வலியை வரவழைத்தால் அது பாவமா? காத்திருந்து ஏதாவது ஆகிவிட்டால் அது யாருடைய பாவம்?"

இவ்வினாவிற்கு விடை தேடுமுன், நற்காட்சிக்குத் துணையாகப் பொருளை உள்ளவாறு அறிதல் வேண்டும். மருத்துவர் குறிக்கும் நாள் என்பது, கடைசியாக மாதவிலக்கான முதல்நாளிலிருந்து எண்ணப்படும் 280 நாள்கள், அதாவது 40 வாரங்கள். அந்த ஒரு நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நான்கைந்துதான். எனவே நாள் கடந்தது என்பதனாலேயே அஞ்சவேண்டுவதில்லை. முதற்பேற்றில் சில நாள்கள் தள்ளிப்போவது இயல்பே. ஆயினும் 41 வாரத்தைக் கடந்து நாள் செல்லச்செல்ல, நஞ்சுக்கொடியின் ஆற்றல் தளர்தலும் பனிநீர் குறைதலும் நேரக்கூடும். குழந்தை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்தும் சிறிது சிறிதாக ஏறுகின்றது. 42 வாரம் நிறைந்தால் அதனைக் காலங்கடந்த கருப்பம் என்பர்.

இவ்வாபத்து மிகச் சிறியது; ஆனால் இல்லாததன்று. 2020-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 21,000-க்கு மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற 34 ஆய்வுகளை ஆராய்ந்தது. ஏறத்தாழ 544 பெண்களுக்கு வலியைத் தூண்டினால், காத்திருந்தபோது இறந்திருக்கக்கூடிய ஒரு குழந்தை பிழைக்கும் என்று கணக்கிட்டது. சுவீடன் நாட்டில் 41 வாரம் நிறைந்த பெண்களை இருபிரிவாக்கி நடந்த ஆய்வொன்றில், 42 வாரம்வரை காத்திருந்த பிரிவில் ஆறு குழந்தைகள் இறந்தன. தூண்டப்பட்ட பிரிவில் ஒன்றும் இறக்கவில்லை. ஆதலின் அவ்வாய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. அதன் முடிவு 2019-இல் வெளியாயிற்று. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பரிந்துரையில், 41 வாரம் நிறைந்தது உறுதியாகத் தெரிந்தவர்க்கு வலியைத் தூண்டலாம் என்றும், சிக்கல் ஏதுமற்றவர்க்கு அதற்கு முன் வேண்டுவதில்லை என்றும் கூறியது.

கணவரின் அச்சத்திற்கும் விடையுண்டு. 2018-இல் அமெரிக்காவில், முதற்பேற்றுப் பெண்கள் ஆறாயிரத்திற்கு மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில், 39-ஆம் வாரத்தில் தூண்டப்பட்டவருள் நூற்றுக்கு 18.6 பேருக்கும், காத்திருந்தவருள் 22.2 பேருக்கும் அறுவை தேவைப்பட்டது. தூண்டினால் அறுவை உறுதி என்பது மெய்யன்று. ஆயினும் தூண்டுதல் எளிய செயலும் அன்று. கருப்பை வாய் இளகாதிருந்தால் பலூன் வைத்தோ ஜெல் வைத்தோ அதனை இளக்கிய பின்னரே குளுக்கோசுடன் ஆக்சிடோசின் மருந்தை ஏற்றுவர். இதற்கு ஒருநாளோ, அதற்கு மேலோ ஆகலாம். வலி கடுமையாக இருக்கலாம். கருப்பை அளவுமீறிச் சுருங்கினால் குழந்தைக்குக் கேடு. ஆகையால் குழந்தையின் இதயத் துடிப்பை இடைவிடாது கவனிக்கும் மருத்துவமனையிலேயே அது நடைபெறவேண்டும்.

இவ்விடத்து, எழுதக் கூசும் ஒன்றையும் எழுதியாக வேண்டும். 1973-ஆம் ஆண்டு எம் தமக்கைக்கு முதற்பேற்றுக் காலம். நாள் கடந்துவிட்டிருந்தது. ஒருநாள் மாலை, "குழந்தை காலையிலிருந்து அசையவில்லையே" என்றாள். பெரியவர்கள், "குழந்தை உறங்குகிறது, காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்றனர். அப்போதுதான் ஆசிரியப் பயிற்சி முடித்து வந்திருந்த நாமும், படித்தவள் என்ற பெருமிதத்தோடு அதனையே சொன்னோம். சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தோம். மறுநாள் பேருந்தேறி மருத்துவமனை சேர்ந்தபோது துடிப்பு இல்லை. "அதன் ஆயு கர்மம் அவ்வளவே" என்று அனைவரும் கூறினர். தமக்கைக்கு அச்சொல் ஆறுதலாயிற்று; நமக்கு அது மறைப்பாயிற்று. முந்தைய மாலையிலேயே புறப்பட்டிருந்தால் அக்குழந்தை பிழைத்திருக்குமா என்பது கேவலஞானிகளுக்கே தெரியும். ஆனால் நாம் புறப்படவில்லை என்பது நமக்குத் தெரியும். வினை என்னும் சொல், நடந்து முடிந்தபின் துயருற்றவர்க்குச் சொல்லத்தக்க ஆறுதல். நடக்குமுன் அதனைச் சொல்வோமாயின் அது சோம்பலுக்குச் சாக்கு.

எல்லாம் ஊழே என்று முயற்சியை மறுத்தவர் ஆசீவகர். அவர் கொள்கையை மறுப்பதற்கென்றே நம் நீலகேசியில் ஒரு சருக்கம் அமைந்துள்ளது. காலம், இயல்பு, நியதி, வினை, முயற்சி என்னும் ஐந்தும் கூடியே ஒரு காரியம் நிகழ்கின்றது என்பதே அனேகாந்த நோக்கு. ஆயுளைக் குறித்தும் நம் ஆகமம் தெளிவாகவே பேசுகின்றது. தேவர், நரகர், வீடுபேறு எய்தும் இறுதி உடலினர் முதலியோர் ஆயுள் இடையில் குறைவதில்லை. ஏனையோர்க்கு நஞ்சு, ஆயுதம் போன்ற புறக்காரணங்களால் குறையக்கூடும் என்று தத்துவார்த்த சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயமும் அதன் உரையும் உணர்த்துகின்றன. புறக்காரணத்தால் ஆயுள் குறையும் என்றால், அப்புறக்காரணத்தை விலக்க முயலுதல் இல்லறத்தார்க்குக் கடமையாகின்றது. நியதி ஒன்றையே பற்றிக்கொண்டு கைகட்டி நிற்பது அருகன் அறமன்று; ஆசீவகம்.

இனி, மருந்தால் வலியை வரவழைப்பது இம்சையா? கருத்தின்மையோடு கூடிய செயலால் உயிருக்கு ஊறு செய்வதே இம்சை என்று உமாஸ்வாமிகள் வரையறுத்தார். உயிர் இறந்தாலும் இறவாவிடினும் கருத்தின்றி ஒழுகுபவனுக்கு இம்சை உண்டு. விழிப்போடு ஒழுகுபவனுக்குப் புறத்தே நேர்ந்த ஊறு மட்டும் காரணமாகப் பந்தம் இல்லை என்பது, நம் பொன்னூர் மலையில் தவமியற்றிய குந்தகுந்த ஆசாரியர் பிரவசனசாரத்தில் காட்டிய நெறி. ஆகவே பாவம் மருந்திலும் இல்லை, காத்திருத்தலிலும் இல்லை, கருத்தின்மையிலேயே உள்ளது. இதற்கு ஆக்சிடோசினே எடுத்துக்காட்டு. பேராசையால் கறவை மாட்டிற்கு அதனை ஊசியேற்றிப் பால் கறப்பது கொடிய இம்சை. அம்மருந்தையே மகப்பேற்றில் அளவறிந்து, உடனிருந்து கவனித்துக் கொடுப்பது உயிர் காக்கும் உதவி. ஒரு காலத்தில் விலங்குகளின் மூளையடிச் சுரப்பியிலிருந்து அதனை எடுத்தனர். 1953-இல் வின்சென்ட் டு விக்னோ என்னும் அறிஞர் ஆய்வகத்தில் அதனைச் செயற்கையாக உருவாக்கிக் காட்டினார். இன்று மகப்பேற்றிற்குப் பயன்படுவது அவ்வாறு செயற்கையாகச் செய்யப்படுவதே என்பதையும் நம் அன்பர்கள் அறிந்துகொள்ளலாம்.

காத்திருத்தல் என்பது ஒன்றும் செய்யாதிருத்தல் என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. காத்திருத்தலும் ஒரு செயலே. அதற்கும் விழிப்பு வேண்டும். குறித்த நாளில் சோதனைக்குச் செல்வதும், குழந்தையின் அசைவை நாள்தோறும் உணர்ந்து பார்ப்பதும், அசைவு குறைந்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, குருதி கண்டாலோ நள்ளிரவாயினும் புறப்படுவதும் காத்திருத்தலின் பகுதிகள். இவை இல்லாத காத்திருத்தல் பொறுமையன்று, புறக்கணிப்பு. இவ்வாறே, நட்சத்திரத்திற்காக நாளை முன்னிழுப்பதும் கருத்தின்மையே. தக்க காரணமின்றி 39 வாரத்திற்கு முன் பிறப்பித்தால் குழந்தை மூச்சுத்திணறலுக்கு ஆளாகும் வாய்ப்பு மிகுதி. கோள்நிலை பார்த்துக் கருவைக் கலக்குவதை உலக மூடம் என்று ஒதுக்குவதே நற்காட்சியுடையார்க்கு அழகு.

தாயின் துன்பத்தையும் மறத்தலாகாது. "நாங்களெல்லாம் பொறுக்கவில்லையா?" என்பது நம் வீடுகளில் எளிதாக எழும் சொல். தானே விரும்பி ஏற்கும் துன்பமே தவம். பிறர்மேல் ஏற்றிவைக்கும் துன்பம் தவமாகாது. உறக்கமின்றித் தவிக்கும் ஒருத்தியின் காலைப் பிடித்துவிடுவதும், தலையணை அடுக்கிக் கொடுப்பதும் வையாவிருத்தியம் என்னும் அகத்தவத்தின் பாற்படும். வெறும் அசௌகரியம் ஒன்றிற்காகவே அவசரப்படுதல் வேண்டா; எனினும் முடிவெடுக்கும்போது அவள் துன்பமும் தராசில் ஓர் எடைக்கல்லாகவே இருக்கவேண்டும்.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகையாலும் வினை வந்து பற்றும் என்று நாம் சிறுவயதிலிருந்தே ஓதி வருகின்றோம். வற்புறுத்திய மாமியாரும், தடுத்த தாயாரும், வாளாவிருந்த பாட்டனாரும் இதில் பங்காளிகளே. ஆகவே பெரியவர்கள் செய்யத்தக்கது, உண்மையைக் கேட்டறிந்து அவள்முன் வைத்து, அவள் எடுக்கும் முடிவிற்குத் துணைநிற்பதே. உடல் அவளுடையது, வலி அவளுடையது, முதற்சொல்லும் அவளுடையதாகவே இருத்தல் வேண்டும்.

இவற்றை அப்பெண்ணிடம் நாம் எளிய சொற்களில் கூறினோம். எம் தமக்கையின் கதையையும் மறைக்கவில்லை. அவள் நெடுநேரம் பேசாதிருந்து, "41 வாரம்வரை சோதனைக்குப் போய்க்கொண்டே பார்க்கிறேன் ஆயா. அதற்குப்பிறகு மருந்து கொடுக்கட்டும்" என்றாள். அவ்வாறே நடந்தது. 41 வாரம் நிறைந்த அன்று பலூன் வைத்தனர். மறுநாள் மருந்து ஏற்றினர். வலி வந்தது, கருப்பை வாய் பாதியளவே திறந்து நின்றுவிட்டது. குழந்தையின் துடிப்பு தளரவே அறுவை செய்து எடுத்தனர். பெண் குழந்தை, இருவரும் நலம்.

உறவினர் சிலர், "காத்திருந்தால் தானாகவே பிறந்திருக்குமே" என்றனர். பிறந்திருக்கலாம், பிறவாமலும் இருந்திருக்கலாம். நடவாத ஒன்றைக் கொண்டு நடந்ததைத் தீர்ப்பிடல் முறையன்று. பயன் நம் கையில் முழுவதும் இல்லை. கருத்துடைமை முழுவதும் நம் கையில் உள்ளது. 1973-ஆம் ஆண்டின் அந்த மாலையில், காலையில் பார்க்கலாம் என்ற நம் சொல் தற்செயலாகப் பலித்துக் குழந்தை பிழைத்திருந்தாலும், அச்சொல் கருத்தின்மையே. இன்று அறுவையில் முடிந்தபோதும், இப்பெண்ணின் முடிவு கருத்துடையதே. அவள் கேட்ட வினாவிற்கு நாம் கண்ட விடை இதுதான்.

உள்ளதை உள்ளவாறு காண்பது நற்காட்சி. அதனை ஐயமற அறிவது நன்ஞானம். அறிந்தபடி விழிப்போடு ஒழுகுவது நல்லொழுக்கம். இம்மும்மணிகள் கோயிலில் ஓதுவதற்கு மட்டும் உரியன அல்ல. பேறுகால அறையின் வாயிலிலும் நமக்கு வழிகாட்ட வல்லன. நம் இல்லங்களில் பேறுகாலம் எதிர்நோக்கும் மகளிர் அனைவரும் நலமே ஈன்று வாழ அருகப் பெருமான் திருவடிகளை வணங்குவோம்.

வளர்க அருகன் அறம்!