கரமாண்ட் பெயரில் வந்தவர்

ஒரு பழைய எழுத்துரு மறுபிறவி எடுத்தது என்று சொல்கிறோம். எடுத்தது எது? முதல் சாமத்தில் எரிந்த சுடரும் கடைச் சாமத்தில் எரியும் சுடரும் ஒன்றா என்று பௌத்தத் துறவி நாகசேனர் மிலிந்த மன்னனிடம் கேட்டார். அதே சுடர் என்றும் சொல்ல முடியாது, வேறு சுடர் என்றும் சொல்ல முடியாது, ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடர்கிறது என்பது பௌத்தத்தின் விடை. எழுத்துருவுக்கும் அதுவே பொருந்தும் என்பது என் கட்சி. 1561இல் மறைந்த பாரிஸ் கலைஞர் குளோட் கரமாண்ட் எஃகுத் துண்டின் நுனியை அராவி, எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கினார். அதைச் செம்பில் அறைந்தால் பள்ளம் விழும். பள்ளத்தில் ஈயம் வார்த்தால் அச்செழுத்து. தாளில் நாம் காண்பதோ அந்த ஈயம் விட்டுப்போன மை. ஆக, அசல் எஃகிலா, செம்பிலா, ஈயத்திலா, மையிலா என்பது அவர் காலத்திலேயே தீராத வழக்குதான்.

வழக்கைச் சிக்கலாக்கியவர் ழான் ழனோன். கரமாண்ட் இறந்து அறுபது ஆண்டுக்குப் பின், 1621இல், செடான் நகரத்தில் தம் எழுத்துகளின் மாதிரிப் புத்தகத்தை வெளியிட்டவர். அவருடைய எழுத்துகள் பாரிஸ் அரசு அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவை கரமாண்டின் கைவேலை என்று தவறாகக் கருதப்பட்டன. அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனம் 1917இலும் மோனோடைப் நிறுவனம் 1922இலும் இவற்றைப் பார்த்தே 'கரமாண்ட்' செய்தன. 1926இல் அச்சுக்கலை ஆய்வாளர் பியாட்ரிஸ் வார்ட், பால் போஜோன் என்ற ஆண் பெயரில் எழுதிய கட்டுரையில் குட்டை உடைத்தார். பெயர்கள் மட்டும் மாறவில்லை.

படிக்கச் சுகமாக இருந்தால் போதாதா, யார் செதுக்கினால் என்ன என்று கேட்கலாம். படிப்பவருக்குப் போதும். ஆனால் மறுபிறவி என்று சொன்ன வாய்தான் முற்பிறவி யாருடையது என்பதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். ழனோனும் கரமாண்ட் போட்ட பாதையில் நடந்தவர்தானே என்பது இதைவிட வலுவான மறுப்பு. உண்மை, அதனால் அவர் வாரிசு ஆவாரே தவிர மூதாதை ஆகமாட்டார். மாறாக, 1967இல் யான் சிகோல்ட் வடிவமைத்த சபோன் எழுத்துருவைப் பாருங்கள். பெயரில் கரமாண்ட் இல்லை. நேரெழுத்தோ 1592இல் ஃபிராங்ஃபர்ட்டில் அச்சான மாதிரித் தாளில் இருந்த கரமாண்டின் எழுத்திலிருந்து வந்தது. கையால் கோத்தாலும் லைனோடைப் இயந்திரத்திலோ மோனோடைப் இயந்திரத்திலோ அடித்தாலும் வரிகள் ஒன்றுபோல அமைய வேண்டும் என்பது அச்சகத்தார் போட்ட நிபந்தனை. அதனால் சாய்வெழுத்தையும் நேரெழுத்தின் அகலத்துக்கே வரைய வேண்டியதாயிற்று. இயந்திரம் உடலைத் திருத்தியது. அதனால் தொடர்ச்சி அறுந்துவிடவில்லை, திரி மாறினாலும் சுடர் தொடர்வதைப் போல.

மைக்ரோசாஃப்ட் வேர்டில் வரும் கரமாண்ட், மோனோடைப்பினுடையது. எழுத்தைப் பெரிதாக்கி எம், என், ஆர் ஆகிய சிறிய எழுத்துகளின் இடது மேல்முனையைக் கவனித்தால், கரண்டியால் வழித்தெடுத்ததுபோல் குழிந்த ஒரு கூர்முனை தெரியும். அது ழனோனின் கை.