மோட்டாரை நிறுத்துவது யார்?

பெங்களூர் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் மேலே இருக்கிறது. காவிரியோ கீழே ஓடுகிறது. தொரெகாடனஹள்ளியில் சுத்திகரித்த தண்ணீரை அங்கே ஒரு முறை, ஹாரோஹள்ளியில் ஒரு முறை, தாதகுனியில் ஒரு முறை என மூன்று இடங்களில் பம்ப் செய்து, சுமார் 100 கிலோமீட்டர் தொலைவும் 500 மீட்டர் உயரமும் கடத்தி ஊருக்குள் கொண்டுவருகிறார்கள். முதல் கட்டம் 1974இல் வந்தது. ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் திறக்கப்பட்டது. இத்தனை ஏற்றம் ஏறிய தண்ணீர் வீட்டு வாசலுக்கு வரும்போது வேகம் இழந்து தரைக்குக் கீழுள்ள தொட்டியான சம்ப்பில் இறங்குகிறது. சம்ப்பிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றுகிற கடைசி ஏற்றம் மட்டும் அந்தந்த வீட்டுக்காரர் பொறுப்பு.

அந்தக் கடைசி ஏற்றத்தைப் பார்த்துக்கொள்ளத்தான் சம்ப் மூடிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருக்கிறார்கள். தொட்டி காலியானால் மோட்டாரைப் போடும், நிரம்பினால் நிறுத்தும். வீட்டுக்குள் கம்ப்யூட்டர் என்றதும் லேப்டாப்பும் போனும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஒரு பெங்களூர் வீட்டில் கம்ப்யூட்டர் தானாக முடிவெடுத்து ஒரு கனமான எந்திரத்தை இயக்குகிற இடம் பெரும்பாலும் இதுதான். பேசினால் எரிகிற விளக்கை வாங்குமுன் பத்து விமர்சனம் படிக்கிறவர்கள்கூட, இந்தப் பெட்டியை பிளம்பர் கொண்டுவந்து மாட்டியதோடு மறந்துவிடுகிறார்கள். வீட்டுக் கருவிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. விளக்கு தவறினால் இருட்டு, அவ்வளவுதான். மோட்டார் தவறினால் தண்ணீரும் போகும், மோட்டாரும் போகும்.

எவ்வளவு போகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் லிட்டர் தண்ணீரை 15 மீட்டர் உயரத் தொட்டிக்கு ஏற்ற, இயற்பியல் கணக்குப்படி தேவைப்படும் ஆற்றல் 0.04 யூனிட். மோட்டாரின் இழப்பையெல்லாம் சேர்த்தாலும் மின்கட்டணத்தில் கண்ணுக்கே தெரியாது. அதே ஆயிரம் லிட்டரைக் காவிரியிலிருந்து 500 மீட்டர் ஏற்றக் குறைந்தது 1.36 யூனிட் வேண்டும். தொட்டி வழிந்து தெருவில் ஓடும்போது வீட்டுக்காரருக்கு உறைக்காததற்குக் காரணம் இதுதான்: செலவில் பெரும்பகுதி ஊர்க் கணக்கில் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. 2024 மார்ச்சில் நகரின் அரசுப் போர்வெல்கள் 13,900இல் சுமார் 6,900 வற்றிவிட்டன என்று துணை முதல்வர் டி.கே. சிவகுமார் சொன்னார். அதே மாதம், குடிநீரில் கார் கழுவினாலும் செடிக்கு ஊற்றினாலும் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. தொட்டி வழிவதைத் தடுக்கிற பெட்டி வசதிப் பொருள் என்ற நிலையைக் கடந்துவிட்டது.

பெட்டிக்கு முதலில் வேண்டியது தண்ணீர் எங்கே நிற்கிறது என்ற தகவல். பழைய வழி ஃப்ளோட் சுவிட்ச். ஒயரின் நுனியில் மிதக்கும் பிளாஸ்டிக் குடுவை, தண்ணீர் ஏறும்போது சாய, உள்ளே ஓர் உருண்டை உருண்டு சுவிட்சை அழுத்தும். இதில் கம்ப்யூட்டர் கிடையாது, கெட்டுப்போகவும் அதிகம் இல்லை. குழாயில் ஒயர் சிக்கிக்கொள்வதுதான் வழக்கமான தொல்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பல வீடுகளில் 230 வோல்ட் மின்சாரத்தையே நேராக அந்த ஒயர் வழியாகத் தொட்டிக்குள் இறக்கியிருப்பார்கள். ஒயரின் தோல் வெடித்தால் குளிக்கிற தண்ணீரில் மின்சாரம் கலக்கும். தொட்டிக்குப் போவது 12 அல்லது 24 வோல்ட்டாக இருக்க வேண்டும், மோட்டார் லைனில் மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத இடத்தில் வேறெந்த நவீன வசதியைப் பற்றியும் பேச நான் தயாரில்லை.

அடுத்தது கம்பிகள். நீளம் வேறுவேறான மூன்று எஃகுக் கம்பிகளைத் தொட்டிக்குள் தொங்கவிடுவார்கள். தண்ணீர் தொட்டதும் கம்பிகளுக்கு இடையே சிறு மின்னோட்டம் பாயும். கீழ்க்கம்பி காய்ந்தால் மோட்டார் ஓடும், மேல்கம்பி நனைந்தால் நிற்கும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே மட்டத்தில் போடுவதும் நிறுத்துவதுமாக இருந்தால், தொட்டியில் அலையடிக்கும் ஒவ்வொரு முறையும் மோட்டார் விக்கி விக்கி ஓடும். பெங்களூரில் கம்பிகளுக்கு எதிரி போர்வெல் தண்ணீரின் உப்பு. சுண்ணாம்புப் படலம் படிந்துவிட்டால் தண்ணீர் தொட்டாலும் கம்பிக்குத் தெரியாது. வினிகரில் ஊறவைத்துத் துடைத்தால் படலம் போய்விடும். மலிவான பெட்டிகள் நேர்மின்னோட்டத்தைத் தொடர்ந்து விடுவதால் கம்பியே அரித்துப்போகும். நல்ல பெட்டி திசை மாறும் துடிப்புகளை அவ்வப்போது மட்டும் அனுப்பும். வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இது.

மூன்றாவது, இப்போது எல்லோரும் விரும்புகிற அல்ட்ராசோனிக். தொட்டி மூடியில் பொருத்திய கருவி ஒலியை அனுப்பி, தண்ணீர்ப் பரப்பில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறது. 72 சதவீதம் என்று போனில் காட்டுவது இந்த வகைதான். காற்றில் ஒலியின் வேகம் 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர். நடுப்பகலில் கறுப்புத் தொட்டிக்குள் காற்று 40 டிகிரியானால் அது 355 ஆகிவிடும். வெப்பத்தைக் கணக்கில் எடுக்காத கருவி ஒரு மீட்டரில் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் தவறும். அது பொறுத்துக்கொள்ளக் கூடியதே. பொறுக்க முடியாதது வேறு: இத்தகைய கருவிகளில் பலவற்றுக்கு முகத்துக்கு நேரே 20, 25 சென்டிமீட்டர் வரை பார்வை கிடையாது. தண்ணீர் அதற்குள் ஏறிவிட்டால் தவறான எண் வரும். அதாவது தொட்டி நிரம்பி வழியப்போகிற அந்த நேரத்தில்தான் இதன் பேச்சை நம்ப முடியாது. மூடியின் உட்புறம் கோக்கும் நீர்த்துளிகளும் இதன் கண்ணைக் கட்டும். தொட்டியின் அடியில் போடுகிற அழுத்தமானி ஒன்றும் உண்டு, நல்லது, விலை கூட.

என் தீர்ப்பு, தெரிந்துகொள்வதற்கு அல்ட்ராசோனிக், நிறுத்துவதற்கு ஃப்ளோட். தனித்தனி ஒயரில் இரண்டையும் வைத்து, எது முதலில் போதும் என்று சொன்னாலும் மோட்டார் நிற்கும்படி இணைக்கச் சொல்ல வேண்டும்.

அடுத்து, பெட்டியின் கை. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். இழப்புகளோடு சேர்த்து அத்தகைய மோட்டார் ஓடும்போது ஐந்தாறு ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் கணத்தில் அதைப்போல ஐந்து மடங்குக்கும் மேல் இழுக்கும். மலிவான வைஃபை சுவிட்சுகளிலும் விளையாட்டாகச் செய்கிற சர்க்யூட் பலகைகளிலும் இருக்கிற நீலநிற ரிலேயின் முதுகில் 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். அது பல்பு, ஹீட்டர் போன்றவற்றுக்கான அளவு. மோட்டார் கிளம்பும்போது எழும் பொறியில் ரிலேயின் இரண்டு முனைகளும் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு என்ன நடக்கிறது என்பதை நிதானமாக யோசிக்க வேண்டும். தொட்டி நிரம்புகிறது. பெட்டி நிறுத்து என்கிறது. ரிலேக்கு மின்சாரம் நின்றுவிட்டது. செயலியில் ‘ஆஃப்’ என்று வருகிறது. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. மென்பொருளைப் பொறுத்தவரை எல்லாம் சரி.

தான் கொடுத்த கட்டளையை நடந்த காரியமாக எடுத்துக்கொள்வதே பெரும்பாலான வீட்டுக் கருவிகளின் அடிப்படைக் குறை. ரிலே ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, அது கான்டாக்டர் என்ற கனமான சுவிட்சை இயக்க, கான்டாக்டர் மோட்டாரை இயக்க வேண்டும் என்கிறோம். கட்டளை நடந்ததா என்று பார்க்க, மோட்டார் லைனில் மின்னோட்டத்தை அளக்கும் சிறு வளையம் ஒன்றும் இருக்க வேண்டும். நிறுத்தச் சொன்ன பிறகும் ஆம்பியர் ஓடுகிறதென்றால் பெட்டி அலற வேண்டும்.

அந்த வளையம் இன்னொரு வேலையும் செய்யும். சம்ப் வற்றி, மோட்டார் வெறுமனே சுற்றும்போது சுமை குறைவதால் மின்னோட்டம் இறங்கும். தண்ணீர்தான் பம்ப்பின் சீலைக் குளிரவைப்பது, சப்மெர்சிபிளில் மோட்டாரையே குளிரவைப்பது. காய்ந்து ஓடினால் கருகிவிடும். மின்னோட்டம் இறங்கியதைக் கண்டு நிறுத்துவதைத்தான் ‘டிரை ரன்’ பாதுகாப்பு என்கிறார்கள். சம்ப்புக்கு இன்னொரு ஃப்ளோட் போட்டுச் சமாளிக்கலாம். ஆயிரம் அடிக்குக் கீழே இறங்கிய போர்வெல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல ஆம்பியர்தான் எளிய வழி. நிறுத்திய பிறகு ஊற்று ஊற அரைமணியோ ஒருமணியோ காத்திருந்து மறுபடி முயல்கிற வசதி இருந்தால், வறண்ட கோடையிலும் போர்வெல் கொடுப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளலாம். இந்த எல்லைகளைத் தொழிற்சாலையில் வைத்தபடியே விடக்கூடாது. உங்கள் மோட்டார் தண்ணீரோடு எவ்வளவு இழுக்கிறது என்று கிளாம்ப் மீட்டரால் அளந்து அமைக்க வேண்டும். வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியர் கூடும் என்பதால் மேல் எல்லையும் தேவை. கடைசிக் காவலாக ஒரு நேரக் கெடு: தொட்டி 25 நிமிடத்தில் நிரம்புகிற வீட்டில் 40 நிமிடத்துக்கு மேல் எக்காரணம் கொண்டும் ஓடக்கூடாது.

இனி போன். 2014இல் ஷாங்காயின் எஸ்ப்ரெசிஃப் நிறுவனம் இஎஸ்பி8266 சில்லை வெளியிட்ட பிறகு வைஃபை மிக மலிவாகிவிட்டது. சாதாரண சுவிட்சுக்குள்ளும் அது வந்துவிட்டது. நல்லதுதான். ஊருக்குப் போயிருக்கும்போது தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கலாம். ஆனால் முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சில கருவிகளில் தொட்டியின் அளவு இணையம் வழியே எங்கோ இருக்கும் சர்வருக்குப் போகிறது. நிறுத்து என்ற கட்டளை அங்கிருந்து திரும்பி வருகிறது. ஒரே வீட்டின் மாடிக்கும் தரைக்கும் இடையே பேச்சு நாடு தாண்டிப் போய்வருகிறது. நடுவில் மின்தடை வந்தால், மின்சாரம் திரும்பிய பின்னும் ரூட்டர் எழ ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். மழைநாளில் கேபிள் அறுந்தால் நாள்கணக்கில் ஆகும்.

சர்வரே நிரந்தரமாக மூடப்படுவதும் உண்டு. வீட்டுக் கருவிகளை ஒருங்கிணைக்க விற்கப்பட்ட ரிவால்வ் பெட்டியை, அதைத் தயாரித்த நிறுவனத்தை வாங்கிய நெஸ்ட் 2016 மே மாதம் முடக்கியது. காசு கொடுத்து வாங்கிய பொருள் அதோடு செயலற்றுப்போனது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பின்றி நின்றபோது, அமெரிக்க வீடுகளில் போன் வழி இயக்கம் போயிற்று. சுவரிலிருந்த சுவிட்சுகள் மட்டும் தொடர்ந்து வேலை செய்தன, அவற்றின் முடிவு சுவருக்குள்ளேயே இருந்ததால்.

வைஃபைக்கு உள்ளூர்ச் சிக்கலும் உண்டு. இஎஸ்பி8266 சில்லு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறியும். சம்ப் மண்ணுக்குக் கீழே, தொட்டி மூன்று நான்கு கான்கிரீட் தளத்துக்கு மேலே. ஒயர் இழுக்க வழியிருந்தால் ஒயர்தான் சிறந்தது. இல்லையென்றால் நம் நாட்டில் உரிமம் தேவைப்படாத 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசும் லோரா கருவிகள் கான்கிரீட்டை வைஃபையைவிட நன்றாகக் கடக்கின்றன.

கைத்திறமை உள்ளவர்களுக்கு டவுன்ஹாலுக்குப் பக்கத்தில் எஸ்.பி. ரோடு இருக்கிறது. சில்லுப் பலகை, வளையம், கான்டாக்டர், மழை படாத பெட்டி எல்லாம் ஒரே தெருவில் கிடைக்கும். இஎஸ்பிஹோம், டாஸ்மோட்டா போன்ற திறந்த மென்பொருள்களை ஏற்றினால் முடிவு பலகையிலேயே நடக்கும். 2013இல் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட்டை வீட்டிலுள்ள ஒரு சிறு கணினியில் ஓடவிட்டால் வெளி சர்வரே இல்லாமல் போனில் பார்க்கலாம். இந்தப் பாதையை நான் மனதார ஆதரிக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. செய்தவர் வெளியூரில் இருக்கும்போது அது கெட்டால் வீட்டில் இருப்பவர் யாரைக் கூப்பிடுவார்? எந்த ஒயர் எங்கே போகிறது என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதிய காகிதத்தைப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டாதவரை அந்த வேலை முடிந்ததாகக் கொள்ளக்கூடாது.

ஒரு கருவி ஒருவருக்கு மட்டுமானதல்ல என்பதை இந்த ஊரில் முன்பே யோசித்தவர்கள் உண்டு. 2001இல் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் சிலரும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து உருவாக்கிய சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினி, ஒரே கருவியைப் பலர் பகிர்ந்துகொள்வார்கள் என்ற எண்ணத்திலேயே பிறந்தது. அவரவருக்கு ஒரு ஸ்மார்ட் கார்டு, எழுத்தறியாதவருக்கு இந்திய மொழிகளில் வாசித்துக் காட்டும் வசதி. கருவி விற்பனையில் பெரிதாக நிற்கவில்லை. ஆனால் அந்த எண்ணம் இன்றைய வீட்டுக் கருவிகளில் பெரும்பாலும் இல்லாதது. செயலி ஒருவர் போனில் இருக்கிறது. கடவுச்சொல்லும் அவருக்கே தெரியும். மோட்டாரோடு தினமும் புழங்குவதோ வீட்டிலிருக்கும் அம்மா, வேலைக்கு வரும் அக்கா, கீழ்வீட்டு வாடகைதாரர், அடுக்ககம் என்றால் வாட்ச்மேன். இவர்களில் யாரும் போன் இல்லாமலே மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் முடிய வேண்டும். பச்சை விளக்கு என்றால் ஓடுகிறது, சிவப்பு விளக்கு என்றால் தண்ணீர் இல்லை என்று பார்த்தவுடன் புரிய வேண்டும்.

அடுக்ககங்களில் வீட்டுக்கு வீடு டிஜிட்டல் மீட்டர் பொருத்துவது தனிக் கதை. சமையலறைக்கு ஒரு குழாய், ஒவ்வொரு குளியலறைக்கும் ஒரு குழாய் என்று தனித்தனியே தண்ணீர் இறங்குவதால் ஒரு வீட்டுக்கே மூன்று நான்கு மீட்டர் தேவைப்படும். யார் எப்போது குளிக்கிறார் என்பதுவரை அந்தக் கணக்கு சொல்லும் என்பதால், அதைச் சங்கத்தில் யார் பார்க்கலாம் என்று வாங்குமுன்பே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

பெட்டியை மாட்டிய அன்றே, பணம் கொடுப்பதற்கு முன், நான்கு காரியங்களைச் செய்து பார்க்கச் சொல்வேன். மோட்டார் ஓடும்போது ரூட்டரைப் பிடுங்கிவிட்டு, ஃப்ளோட்டைக் கையால் தூக்கினால் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மெயினை அணைத்துப் போட்டால், தொட்டியின் மட்டத்தைப் பார்த்த பிறகே மோட்டார் கிளம்புகிறதா? சம்ப்பிலிருந்து வரும் உறிஞ்சு குழாயின் வால்வை மூடினால் சில நொடிகளில் டிரை ரன்னில் நிற்கிறதா? பிறகு கைச்சுவிட்சைத் திருப்பி, பெட்டி இல்லாமலே மோட்டார் ஓடுகிறதா? எல்லாமாக அரைமணி நேரம் ஆகும். எலெக்ட்ரீஷியனிடம் முதலிலேயே சொல்லிவைத்தால் அதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்கிக்கொண்டு வருவார்.