பாட்டு முடியும் முன்பே தீர்ப்பு

புதுப் படங்களுக்கு மட்டுமல்ல, புது ஆல்பங்களுக்கும் இப்போது வெள்ளிக்கிழமைதான் நாள். 2015 ஜூலை 10 முதல் உலகம் முழுக்க அப்படித்தான். அதற்கு முன் இங்கிலாந்தில் திங்கள், அமெரிக்காவில் செவ்வாய் என்று நாட்டுக்கு நாடு மாறிக்கொண்டிருந்தது. இன்று வியாழன் நள்ளிரவு தாண்டினால் பாப், ராக், ராப் எல்லாம் ஒன்றாகக் கைபேசியில் வந்து இறங்குகின்றன. சனிக்கிழமை காலைக்குள் எல்லாவற்றுக்கும் தீர்ப்பும் வந்துவிடுகிறது. ஒன்று ‘மாஸ்டர்பீஸ்’, இல்லையென்றால் ‘மொக்கை’. நடுவில் எதுவும் கிடையாது. முப்பது வருடமாக இந்த இசையை விடாமல் கேட்டு வருகிறவன் நான். இந்த அவசரம் எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது. ஒரு பாட்டைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் உரிமை நமக்கு எப்போது வருகிறது? காதில் விழுந்த உடனேயா, அதோடு கொஞ்ச நாள் பழகிய பிறகா?

2024 நவம்பர் 22 அன்று ராப்பர் கென்ட்ரிக் லாமர் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ‘ஜிஎன்எக்ஸ்’ ஆல்பத்தை வெளியிட்டார். நம் ஊரில் அப்போது இரவு. கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகனிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது: “மாமா, இந்த வருஷத்தோட பெஸ்ட் ஆல்பம் இதுதான். சந்தேகமே வேணாம்.” ஆல்பம் 44 நிமிடம். வெளியாகி அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. அந்த வாரமே என் வயது நண்பர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இந்த ஆல்பத்தைச் சொன்னேன். “ராப்பெல்லாம் ஒரு பாட்டாப்பா? வேகமாப் பேசுறதும் திட்டுறதும்தானே” என்றார். அவன் கேட்டு முடிக்காமலே கொண்டாடினான். இவர் கேட்காமலே தள்ளினார். இருவருமே நல்ல ரசனை உள்ளவர்கள். அதனால்தான் எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

அடுத்த சில நாட்களில் அந்த ஆல்பத்திலிருந்து உலகம் எடுத்துக்கொண்டது ஒரு கூவலை மட்டும். ‘டிவி ஆஃப்’ பாட்டில், அதைத் தயாரித்த மஸ்டர்டின் பெயரை கென்ட்ரிக் தொண்டை கிழிய இழுத்துக் கத்துவார். எந்த ரீல்ஸைத் திறந்தாலும் அதுதான். கேட்டால் உடம்பில் ஒரு உதறல் வரும், மறுக்கவில்லை. ஆனால் அதே ஆல்பத்தின் நடுவில் ‘ரீஇன்கார்னேட்டட்’ என்று ஒரு பாட்டு இருக்கிறது. ராப்பர் டூபாக் ஷகூரின் பழைய பாட்டு ஒன்றின் இசை மேல் கட்டியது. அதில் கென்ட்ரிக் மூன்று பிறவிகளில் பேசுகிறார். முதலில் நாற்பதுகளின் கிட்டார் கலைஞன் ஒருவன். பிறகு, போதையில் அழிந்துபோன ஒரு கறுப்பினப் பாடகி. கடைசியில் அவரே. அந்தக் கடைசிப் பகுதியில் பேச்சு தகப்பனிடமா, கடவுளிடமா, எந்த வரி யாருடையது என்பதெல்லாம் முதல் தடவையில் பிடிபடாது. எல்லாம் ஒரே குரல். பழகப் பழகத்தான் கேள்வி கேட்கும் தொனியும் மழுப்பும் தொனியும் பிரிந்து கேட்கின்றன. கிடைத்த வரத்தைச் சண்டைக்குச் செலவழித்தாயா, சமாதானத்துக்கா என்பதுதான் அங்கே நடக்கும் விசாரணை. அந்த வருடம் மே மாதம்தான் சக ராப்பர் டிரேக்குடன் நடந்த பாட்டுச் சண்டையில் அவர் வென்று, உலகமே அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. வென்றவர் ஏழு மாதத்துக்குள் தன்னையே கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கிறார். என் கணிப்பில் அந்த ஆல்பத்தின் உயிர் இந்தப் பாட்டில்தான் இருக்கிறது. கூவலோடு நின்றுவிட்டவர்களுக்கு இது போய்ச் சேரவே இல்லை.

ஆல்பம் தொடங்குவது டேரா பரேரா என்ற மரியாச்சி (மெக்சிகோ நாட்டார் இசை) பாடகியின் ஸ்பானிஷ் குரலில். அதற்கு ஒரு மாதம் முன்புதான் லாஸ் ஏஞ்சலிஸில் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் ஆட்டத்தில், மறைந்த மெக்சிகோ வீரர் ஃபெர்னாண்டோ வேலன்சுவேலாவுக்கு அஞ்சலியாக அவர் பாடியிருந்தார். அந்தக் குரல் ஆல்பத்துக்குள் திரும்பத் திரும்ப வந்து போகிறது. கூடவே பாடுகிறவர்கள், வெளியுலகம் அதிகம் அறியாத உள்ளூர் ராப்பர்கள். இதையெல்லாம் சேர்த்துக் கேட்டால், ஒரு நகரத்தை மொத்தமாகத் தோளில் ஏற்றிக்கொண்டு வரும் ஆல்பம் இது என்று புரியும். அரை மணி நேரத்தில் இது எப்படித் தெரியும்?

ராக்கில் இதைவிடத் தெளிவான உதாரணம் உண்டு. அதே நவம்பர் முதல் தேதி ‘த கியூர்’ குழுவின் ‘சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்’ வந்தது. முந்தைய ஆல்பம் 2008இல். பதினாறு வருடம் கழித்து வந்ததில் எட்டே பாட்டு. முதல் பாட்டு ‘அலோன்’. டிரம்ஸ் மெதுவாக, கனமாக விழுகிறது. அதன் மேல் சின்தசைசர் மூட்டமாகப் பரவுகிறது. ஒரு நிமிடம் போகிறது, இரண்டு நிமிடம் போகிறது, மூன்று நிமிடமும் தாண்டுகிறது. பாடுகிறவர் வாயைத் திறக்கவில்லை. பெற்றோரையும் அண்ணன் ரிச்சர்டையும் பறிகொடுத்தவர் குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித். அண்ணனின் சாவைப் பற்றியே தனியாக ஒரு பாட்டு இதில் உண்டு. துக்க வீட்டுக்குப் போனால் யாரும் வாசலிலேயே பேச்சைத் தொடங்குவதில்லை. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அந்த மூன்று நிமிடமும் அப்படிப்பட்டது. அதைப் பொறுத்து உட்கார்ந்தவருக்கு, பிறகு அந்த 65 வயதுக் குரல் எழும்போது தொண்டை அடைக்கும். ஓட்டிவிட்டுக் குரல் வரும் இடத்துக்கு நேரே போனவருக்கு அது இன்னொரு சோகப் பாட்டு, அவ்வளவுதான். கடைசிப் பாட்டான ‘எண்ட்சாங்’ பத்து நிமிடத்துக்கு மேல். அதில் குரல் வர ஆறு நிமிடம் ஆகிறது.

இசைத் தளமான ஸ்பாட்டிஃபையின் கணக்கில் 30 விநாடி ஓடினாலே ஒரு பாட்டு கேட்கப்பட்டதாகிவிடும். 2014இல் பால் லேமர் என்பவர் அந்தத் தளத்தின் தரவுகளை அலசினார். ஓடத் தொடங்கும் பாட்டுகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றை, முதல் ஐந்து விநாடிக்குள்ளேயே ஜனங்கள் தள்ளிவிடுகிறார்கள் என்று அதில் தெரிந்தது. பாடுகிறவர்களுக்கே இந்தக் கவலை உண்டு. 2021இல் அடெல் ‘30’ ஆல்பத்தை வெளியிட்டபோது, ஆல்பங்களில் வரிசையைக் கலைக்கும் ஷஃபிள் பொத்தானை முதன்மையாக வைக்காதீர்கள், வரிசைக்கு ஒரு காரணம் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டார். ஸ்பாட்டிஃபையும் மாற்றியது.

இனி என் நண்பரின் பக்கம். “எங்க காலத்துப் பாட்டு மாதிரி வருமா” என்று நடுவயதுக்காரர்கள் சொல்வதை நான் குறைத்துப் பேசமாட்டேன். அந்தப் பாட்டுகள் நல்ல பாட்டுகள்தான். ஆனால் அந்த ஒப்பீட்டில் ஒரு அநியாயம் இருக்கிறது. ஒரு பக்கம் நூறு தடவை, இருநூறு தடவை கேட்டு ரத்தத்தில் ஊறிய பாட்டு. இன்னொரு பக்கம் காரில் போகும்போது பாதி கேட்ட புதுப் பாட்டு. எது ஜெயிக்கும்? கேசட் காலத்தில் காசு கொடுத்து வாங்கிய ஒன்றையே மாதக்கணக்கில் கேட்டோம், வேறு வழியில்லை. பிடிக்காத பாட்டை ஓட்டினால் பேட்டரி தீரும் என்று அப்படியே விட்டுவிடுவோம். நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’ கேசட்டில் ‘சம்திங் இன் த வே’ எனக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது. அவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்குப் பிறகு, பி பக்கத்தின் கடைசியில் முனகலாக ஒரு பாட்டு. ஒலிப்பதிவுக்கூடத்தின் சோபாவில் படுத்துக்கொண்டே, சுருதி சேராத பழைய கிட்டாரோடு கர்ட் கோபேன் அதைப் பாடியிருக்கிறார். 1991இல் வந்த அந்தப் பாட்டை 2022இல் ‘தி பேட்மேன்’ படத்தில் கேட்ட பிறகுதான் பல இளைஞர்கள் தேடிப் போனார்கள். எனக்கு முன்பே கிடைத்ததற்குக் காரணம் என் ரசனை அல்ல, பேட்டரிச் சிக்கனம்.

அன்று கட்டாயத்தால் கொடுத்த அந்த நேரத்தை இன்று நாமாக விரும்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. மாறியது இவ்வளவுதான். கேசட் காலம் திரும்பி வர வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. அன்று கிடைக்காமல் போன பாட்டுகள் எத்தனையோ. இந்தப் பொறுமை நமக்குப் புதிதும் அல்ல. ரஹ்மான் பாட்டு கேட்கக் கேட்கத்தான் பிடிக்கும் என்று நம் ஊரில் சொல்லாதவர்கள் உண்டா? அந்தச் சலுகையை ரஹ்மானுக்கு மட்டும் ஏன் வைத்திருக்கிறோம்?

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு, வலுவானதும்கூட. எதையும் திரும்பத் திரும்பக் கேட்டால் பிடித்துத்தானே போகும்? ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1968லேயே இதைக் காட்டினார். அர்த்தமில்லாத சொற்களையும் முன்பின் தெரியாத முகங்களையும் அதிகத் தடவை பார்த்தவர்களுக்கு அவை கூடுதலாகப் பிடித்தன. அப்படியானால் நான் பொறுமை என்று சொல்வது வெறும் பழக்கதோஷம்தானா? இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். பிடிக்கிறதா என்பதை அளவுகோலாக வைத்தால் இந்த வாதம் ஜெயிக்கும். நான் வைப்பது வேறு அளவுகோல்: அடுத்த தடவை கேட்கும்போது முன்பு கேட்காத ஏதாவது ஒன்று காதில் விழுந்ததா? நல்ல ஆல்பம் ஒவ்வொரு முறையும் ஒரு கதவைத் திறக்கும். பலவீனமான ஆல்பம் இரண்டாம் முறையே தீர்ந்துவிடும். மிஞ்சுவது பழகிய சுகம் மட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கேட்கிறவருக்கு நன்றாகவே தெரியும்.

இந்த அளவுகோலில் தேறாத ஆல்பங்களும் உண்டு. டெய்லர் ஸ்விஃப்டின் ‘த டார்ச்சர்ட் பொயட்ஸ் டிபார்ட்மெண்ட்’ 2024 ஏப்ரலில் வந்தது. முதலில் 16 பாட்டு, இரண்டு மணி நேரம் கழித்து இன்னும் 15. மொத்தம் 31 பாட்டு, இரண்டு மணி நேரத்துக்கும் மேல். அதற்கு உரிய நேரத்தைக் கொடுத்துக் கேட்டேன். சில பாட்டுகளில் அவருடைய கூர்மை அப்படியே இருக்கிறது. ஆனால் பாதிக்கு மேல் ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதே வேகம், அதே சின்தசைசர், அதே மெல்லிய புலம்பல். பன்னிரண்டு பாட்டோடு நிறுத்தியிருந்தால் அருமையான ஆல்பமாகியிருக்கும். இது என் தீர்ப்பு. கவலைக்குரியது வேறொன்று. ‘பேஸ்ட்’ பத்திரிகை அந்த ஆல்பத்துக்கு எழுதிய கடுமையான விமர்சனத்தை, எழுதியவர் பெயரைப் போடாமல் வெளியிட்டது. 2019இல் ஸ்விஃப்டின் ‘லவர்’ ஆல்பத்தை விமர்சித்தவருக்கு மிரட்டல்கள் வந்ததுதான் காரணம் என்றார்கள். ஒரு பாட்டு பிடிக்கவில்லை என்று சொன்னவர் பெயரை மறைத்துக்கொள்ள வேண்டிய நிலை வந்துவிட்டது. நம் ஊர் ரசிகர் சண்டைகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியாத விஷயம் அல்ல. அபிப்பிராயம் காதிலிருந்து வராமல் கட்சியிலிருந்து வரும்போது இதுதான் நடக்கும். கேட்பதற்கு முன்பே எந்தப் பக்கம் என்று முடிவாகிவிடுகிறது.

நிதானமாகக் கேட்டிருக்க வேண்டிய ஓர் ஆல்பம் என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது மாயா அருள்பிரகாசத்தின் ஒரு ஆல்பம்தான். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் உலகம் அறிந்தவர் அவர். லண்டனில் பிறந்து, சிறு வயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரால் மறுபடி லண்டனுக்கு அகதியாகப் போன நம் பெண். தகப்பனாரின் இயக்கப் பெயரில் ‘அருளர்’, தாயாரின் பெயரில் ‘கலா’ என்ற இரண்டு ஆல்பங்களையும் கொண்டாடிய விமர்சகர்கள், 2010இல் தன் பெயரிலேயே அவர் ‘மாயா’ கொண்டுவந்தபோது முகத்தைச் சுளித்தார்கள். ‘பிட்ச்ஃபோர்க்’ இசை இதழ் பத்துக்கு 4.4 போட்டது. இரைச்சல், குழப்பம், சதிக் கற்பனை என்றார்கள். அதில் ஒரு நிமிடம்கூட ஓடாத முதல் துண்டு சொல்வது இதுதான்: உன் கையிலுள்ள கைபேசி இணையத்தோடும், இணையம் கூகுளோடும், கூகுள் அரசாங்கத்தோடும் கோத்திருக்கிறது. மூன்று வருடம் கழித்து, 2013 ஜூனில் எட்வர்ட் ஸ்னோடன் அமெரிக்க உளவு அமைப்பு இணையத்தைக் கண்காணிப்பதைக் காட்டும் ஆவணங்களை வெளியே கொண்டுவந்தார். அதற்குப் பிறகு அந்த ஆல்பத்தைப் போட்டுப் பாருங்கள். துளையிடும் இயந்திரத்தையும் துண்டு துண்டாகச் சிதறும் குரல்களையும் அவர் எதற்காக வைத்தார் என்பது விளங்கும். எல்லாப் பாட்டும் நல்ல பாட்டு என்று சொல்லமாட்டேன். சில இன்றும் காதைக் குத்துகின்றன. ஆனால் அது 4.4 ஆல்பம் அல்ல. ஒரு தமிழ்ப் பெண்ணின் பயத்தைக் கற்பனை என்று ஒதுக்க அவர்களுக்கு ஒரு வாரம்கூடத் தேவைப்படவில்லை. எனக்கு அந்த ஆதங்கம் இன்னும் தீரவில்லை.

வாரத்துக்கு இத்தனை ஆல்பம் வருகிறதே, எல்லாவற்றுக்கும் எங்கே நேரம் என்று கேட்பீர்கள். இல்லைதான். எனக்கும் இல்லை. அதனால் எல்லாவற்றுக்கும் அபிப்பிராயம் வைத்துக்கொள்வதை விட்டுவிடலாம். “இன்னும் சரியாகக் கேட்கவில்லை” என்று சொன்னால் யாரும் குறைந்துபோவதில்லை. சார்லி எக்ஸ்சிஎக்ஸின் ‘பிராட்’ வந்த 2024 கோடையில் அதன் பச்சை அட்டையைப் பற்றிப் பேசாதவர்கள் குறைவு. 2021இல் இறந்துபோன இசைத் தயாரிப்பாளர் சோஃபியை நினைத்து அதில் ஒரு பாட்டு இருப்பதை அந்தப் பேச்சு எதிலும் நான் கேட்கவில்லை. பேசியவர்கள் பாதியாகி, கேட்டவர்கள் இரு மடங்காகியிருந்தால் அந்த ஆல்பத்துக்கு நல்லது நடந்திருக்கும்.

அக்கா மகனிடமும் நண்பரிடமும் சொன்னதையே இதைப் படிக்கும் உங்களிடமும் சொல்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை ஒரே ஒரு ஆல்பத்தை எடுங்கள். ராப் பிடிக்காது என்றால் ராப்பையே எடுங்கள். ஷஃபிளை அணைத்துவிட்டு, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை அவர்கள் வைத்த வரிசையில் கேளுங்கள். யாருடைய விமர்சனத்தையும் படிக்காமல் ஒரு வாரம் அதோடு இருங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால், பிடிக்கவில்லை என்றே தயங்காமல் சொல்லுங்கள். என் கருத்துக்கு நேர் எதிராக இருந்தாலும் அதை உட்கார்ந்து கேட்க நான் தயார்.