கொலைவாள் எங்கிருந்து வந்தது?



2025-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 16-ஆம் நாள் கர்நாடகத்தின் பீதர் நகரில், பாரத ஸ்டேட் வங்கிக் கிளையின் முன் பணவண்டி ஒன்று நின்றது. ஏ.டி.எம். இயந்திரங்களில் நிரப்புவதற்குரிய பணப்பெட்டியை அதில் ஏற்றிக்கொண்டிருந்த ஊழியர்களை, மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் சுட்டனர். ஓர் ஊழியர் மாண்டார், மற்றொருவர் படுகாயமுற்றார். 80 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட தொகையுடன் சுட்டவர்கள் மறைந்தனர்.

அவ்விருவரே அன்று மாலை ஏறத்தாழ 140 கிலோமீட்டர் கடந்து ஐதராபாத் சேர்ந்து, அப்சல்கஞ்சில் உள்ள ஒரு பேருந்து நிறுவனத்தில் ராய்ப்பூர் செல்லச் சீட்டுக் கேட்டனர் என்று காவல் துறையினர் கூறினர். அங்கே பயணிகளின் பைகளைச் சோதிக்க முற்பட்டபோது மீண்டும் துப்பாக்கி வெடித்தது. மேலாளர் குண்டடிபட்டு விழுந்தார். உசேன் சாகர் ஏரியின் நடுவே, 1992 முதல் அபயக் கரம் உயர்த்தி நிற்கும் பகவானின் கற்சிலைக்குச் சில கல் தொலைவில் நடந்த நிகழ்ச்சி இது.

செய்தி பரவியதும் நாட்டில் எழுந்த பேச்சு யாது? “பிடித்த இடத்திலேயே சுட்டுத் தள்ள வேண்டும்” என்பதே. பிறர் கூறின் நாம் வியப்புறோம். பஞ்சசீலம் ஏற்ற நம் அன்பர் சிலரும் அவ்வாறே பேசக் கேட்டோம். ஆதலின் இதனை எழுத நேர்ந்தது.

ஐதராபாத்துக்கு இப்பேச்சு புதிதன்று. 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள், அண்ணல் அம்பேத்கர் பரிநிர்வாணம் எய்திய அதே தேதியில், அந்நகரை அடுத்த சட்டான்பள்ளியில், ஓர் இளம் பெண்ணைக் கெடுத்துக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட நால்வரைக் காவலர் சுட்டுக் கொன்றனர். மக்கள் திரண்டு அக்காவலர் மீது மலர் தூவினர். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையமோ, கொல்லும் கருத்துடனேயே அவர்கள் சுடப்பட்டனர் என 2022-இல் முடிவு கூறியது. அப்பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையை எண்ணும் எவர் நெஞ்சும் கொதிக்கும். அக்கொதிப்பை நாம் பழிக்கவில்லை. ஆயினும் அண்ணலின் படத்திற்கு நாம் மலர் சூட்டிய அதே காலை வேளையில், அரசியல் சட்டத்தைத் தந்த அவர் எதை வேண்டாம் என்று விலக்கினாரோ அதற்கும் மலர் தூவப்பட்டது என்பதை எப்படி மறப்பது?

இனிப் பகவான் கூறியதைக் கேட்போம். தீக நிகாயத்துச் சக்கவத்தி சீகநாத சுத்தத்தில் ஓர் அரச மரபின் வரலாறு வருகின்றது. அறவழி நின்ற மன்னர் பலர்க்குப் பின் ஒருவன் அரசேறினான். அவன் நாட்டைக் காத்தான், காவலுக்குக் குறைவில்லை. ஆனால் பொருளற்றவர்க்குப் பொருள் வழங்குவதை மட்டும் கைவிட்டான். அதனால் வறுமை பெருகிற்று. ஒருவன் பிறன் பொருளைக் கவர்ந்தான். அவனைப் பிடித்து அரசன்முன் நிறுத்தினர். “பிழைக்க வழியில்லை” என்றான் அவன். அரசன் இரங்கிப் பொருள் கொடுத்து, பெற்றோரையும் மனைவி மக்களையும் காப்பாற்றிக்கொள் என்று அனுப்பினான். இதனைக் கேட்ட பிறர், திருடினால் அரசன் பொருள் தருவான் என்று எண்ணித் திருடலாயினர்.

இவ்விடத்தைப் படிக்கையில் சிலர் புன்னகை செய்வர். பகவான் உலகியல் அறியாதவர் அல்லர். திருடிய பின் கொடுப்பது திருட்டையே வளர்க்கும் என்பதை அவரே முதலில் எடுத்துக் காட்டிவிடுகின்றார். கொடுக்க வேண்டியது அதற்கு முன்னர். கூடதந்த சுத்தத்தில் உழவர்க்கு விதையும், வணிகர்க்கு முதலும், பணியாளர்க்குக் கூலியும் தருக என வரும் அறிவுரை இதன் மறுபாதி.

அரசன் இப்போது மறுமுனைக்குத் தாவினான். அடுத்து அகப்பட்ட திருடனைக் கயிற்றால் பிணித்து, தலையை மழித்து, பறை முழங்கத் தெருத்தெருவாய் நடத்தி, தென்வாயிலுக்கு வெளியே தலையை வெட்டச் செய்தான். இனித் திருட்டு ஒழியும் என்பது அவன் எண்ணம். மக்கள் கற்ற பாடமோ வேறு. நாமும் கூரிய வாள் செய்துகொள்வோம். யாரிடம் பொருளைக் கவர்கின்றோமோ அவர் தலையையும் வெட்டிவிடுவோம். அப்போது நம்மைக் காட்டிக்கொடுப்பார் இரார் என்றனர். அது முதல் ஊர்களும் வழிகளும் கொள்ளைக்களம் ஆயின. மக்களின் ஆயுளும் குறைந்தது.

கொலைவாளின் பிறப்பு வரலாறு இதுவே. வெறும் கையுடன் வந்த திருடனுக்கு வாள் பிடிக்கக் கற்பித்தது அரசனின் வாள். பீதரில் பணத்தைப் பறிக்குமுன் குண்டு பாய்ந்ததையும், அப்சல்கஞ்சில் பையைச் சோதிக்க முற்பட்டவர் சுடப்பட்டதையும் இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காண்பவன் வாய் திறவாதிருக்க வேண்டும் என்ற அந்தப் பழைய எண்ணமே வாளை விட்டுத் துப்பாக்கிக்கு மாறியிருக்கின்றது.

ஆயின், வறுமையே கொலைக்குக் காரணம், கொன்றவன்மீது குற்றமில்லை என்று கூறுகின்றோமா? அன்று. அந்தப் பணப்பெட்டியைத் தூக்கியவரை நினையுங்கள். நாள்தோறும் பிறருடைய லட்சங்கள் அவர் கைவழியே சென்றன. தமக்குரியது மாதக் கூலி மட்டுமே என்று அவர் அமைந்திருந்தார். கொடாததைக் கொள்ளாமை என்னும் சீலத்தை நாம் விகாரையில் அமர்ந்து சொல்கின்றோம். அவர் வெயிலில் நின்று கடைப்பிடித்தார். 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குலம் குலமாகக் குற்றப்பரம்பரை என்று முத்திரையிடப்பட்டு, 1952 வரை அதைச் சுமந்த மக்கள் வாழும் நாட்டில், ஏழை என்றால் திருடன் என்று பேசுவோர் இன்றும் உளர். அவர்களுக்கு நாம் காட்டத்தக்க சான்று அம்மனிதர்.

வறுமை இல்லாத இடத்திலும் வங்கியில் குண்டு பாய்கின்றது. 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஓல்ட் நேஷனல் வங்கியின் ஊழியனான 25 வயது இளைஞன், காலைக் கூட்டத்திற்கு வந்த தன் சக ஊழியர் ஐவரைச் சுட்டுக் கொன்றான். பறிக்க வந்தவன் அல்லன். அவன் ஏந்திய துப்பாக்கியோ ஆறு நாட்களுக்கு முன் சட்டப்படி கடையில் வாங்கியது. அம்மாநிலச் சட்டப்படி, கொலை செய்த அத்துப்பாக்கியும் ஒருநாள் ஏலத்திற்கு வரும் என்று அந்நகர மேயரே வருந்திக் கூறினார். உபாசகர் செய்யலாகாத வாணிபம் ஐந்தனுள் படைக்கல வாணிபத்தைப் பகவான் ஏன் முதலில் வைத்தார் என்பதற்கு விளக்கவுரை வேண்டுவதில்லை.

நம் நாட்டிலும் இத்தகைய நிகழ்ச்சி இல்லாமல் இல்லை. ஐதராபாத் அபிட்ஸ் பகுதியில் ‘கன்பவுண்டரி’ என்றோர் இடம் உண்டு. நிஜாமின் படைக்கு ரேமண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் பீரங்கி வார்த்த இடமாதலின் அப்பெயர். அங்குள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளையில் 2021-ஆம் ஆண்டு ஜூலையில், காவலர் ஒருவருக்கும் ஒப்பந்த ஊழியர் ஒருவருக்கும் வாய்ச்சண்டை மூண்டது. காவலர் தம் துப்பாக்கியால் சுட்டுவிட்டார். ஊழியர் காயமுற்றார். கொள்ளையரைத் தடுக்கக் கொடுத்த குண்டு உடன் உழைப்பவர் உடலிற் பாய்ந்தது.

நம் குடும்பங்களிலும் காவற்பணியால் உண்போர் உண்டு. “துப்பாக்கி ஏந்தி வங்கி வாயிலில் நிற்பது சீலத்துக்கு மாறா?” என்று அவர்கள் கேட்கின்றனர். எளிய விடை கூறி அனுப்ப நமக்கு மனமில்லை. போரில் மடிந்த வீரன் சுவர்க்கம் புகுவானா என்று படைத்தலைவன் ஒருவன் கேட்டபோது, பகவானே இருமுறை விடை கூற மறுத்தார். மூன்றாம் முறை, கொல்லும் எண்ணத்துடன் மாள்பவனுக்கு நற்கதி இல்லை என்றார். எண்ணமே வினை என்பது அவர் போதனை. காப்பதற்காக நிற்பவன் விற்பவன் அல்லன், கொல்ல விரும்பி நிற்பவனும் அல்லன். எனினும் அவன் கையில் இருப்பது கன்பவுண்டரியில் வெடித்ததைப் போன்ற பொருளே. வேறு பிழைப்புக் கிட்டுமாயின் மாறிக்கொள்ளுங்கள். கிட்டாதவரை, பணிக்குச் செல்லுமுன் எவரிடமேனும் மனத்தாங்கல் இருப்பின் அதைப் பேசித் தீர்த்துவிட்டுச் செல்லுங்கள். தீராதாயின் அன்று ஆயுதம் வாங்காமல் மேலாளரிடம் சொல்லுங்கள். ஒருநாள் கூலி போகலாம். போகட்டும்.

வரும் பௌர்ணமியன்று மாண்டவரை நினைந்து புண்ணியம் பகிர்வோம். சுட்ட இருவர்க்கும் மைத்திரி பரப்ப வேண்டுமா என்று ஓர் அன்னையார் சற்றுச் சினத்துடனேயே நம்மிடம் வினவினார். காஞ்சியிலும் தங்கியிருந்த புத்தகோச தேரர், பகைவனை முதலில் எடுத்துக்கொள்ளாதே, தன்னிலும் அன்பரிலும் தொடங்கி, அவனைக் கடைசியில் வைத்துக்கொள் என்று முறை வகுத்துள்ளார். அம்முறைப்படியே அன்றும் தொடங்குவோம். முதலில் நாம், பின்னர் பீதரில் வீட்டுத்தலைவரை இழந்தோர், பின்னர் அப்சல்கஞ்சில் குண்டடிபட்டவர். அன்னையார் எவ்வளவு தூரம் வர இயலுமோ அவ்வளவு தூரம் வரட்டும்.