வைத்தியசாலையும் வாலிபர் சொல்லும்

நோயாளிக்கு மருந்து இன்னதென்று உரைக்கும் அதிகாரம் வைத்தியருடையது. அதனை மறுப்பார் இலர். ஆனால் வைத்தியசாலையின் கதவு எந்நேரம் திறக்கப்பட வேண்டும், அங்கே கூறப்படும் சொல் எவர் செவிவரை செல்லலாம் என்பவற்றையும் வைத்தியரும் நிர்வாகியும் மட்டுமே முடிவு செய்தல் நியாயமாகுமா? அக்கதவின்முன் தயங்கி நிற்போர் 16, 17 வயதினராயின், அவர் சொல்லுக்கு அங்கு இடமுண்டா?

உலகம் எழுத்தளவில் இதற்கு விடை கூறிவிட்டது. தம் சுகாதார ஏற்பாடுகளைத் திட்டமிடுவதில் பங்குகொள்ளுதல் மக்களின் உரிமையும் கடமையும் ஆம் என்று 1978இல் அல்மா ஆட்டா மாநாடு பிரகடனம் செய்தது. 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் விதி, தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் இளையோர் உரைக்கும் கருத்து அவரவர் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப மதிக்கப்பட வேண்டும் என்கிறது. மலேசியா 1995இல் அதில் சேர்ந்தது. எழுத்துக்குக் குறைவில்லை.

ரோஜர் ஹார்ட் என்பார் 1992இல் எட்டுப் படிகளுள்ள ஓர் ஏணியை வரைந்து காட்டினார். அதன் அடியிலுள்ள மூன்று படிகளில் இளையோர் இருப்பர்; பங்கு இராது. ஆட்டிவைக்கப்படுதல், அலங்காரமாக நிறுத்தப்படுதல், பெயருக்குப் பேசவிடப்படுதல் என்பன அவை. நம் விழாக்களில் தட்டேந்தி நிற்கும் சிறுமியரை நினைத்தால் இரண்டாம் படி நன்கு விளங்கும். பெல்பாஸ்ட் நகரப் பேராசிரியை லாரா லண்டி 2007இல் நான்கைக் கூறினார்: அச்சமின்றிப் பேச இடம், குரல், கேட்கும் கடமையுடையார் செவி, கேட்டதன் பயனாகிய செயல்.

இவற்றை நாம் ஏட்டில் கற்றது பிற்பாடு. அனுபவத்தில் கற்றது முன்னரே. அதுவும் குற்றவாளியாக நின்று.

சில ஆண்டுகளுக்கு முன், நாம் கிராணியாக ஊழியம் செய்யும் தோட்டத்தில், மருந்தகத்தைச் சீர்படுத்த வாலிபரின் யோசனை கேட்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. பதினொருவர் வந்தனர். அரைமணி நேரம் எவரும் வாய் திறந்திலர். எங்ஙனம் திறப்பர்? எதிரே மானேஜர், பக்கத்தே டிரஸ்ஸர். பெரியவர்கள் தேநீருக்கு எழுந்தபின் ஒரு பெண் நம்மிடம் வந்தாள். "கிராணி ஐயா, காலையில் மருந்தகத்தில் நாங்கள் சொல்வது சாயங்காலம் லயத்தில் பேச்சாகிவிடுகிறது. வயிற்று நோவென்றாலும் வேறு அர்த்தம் செய்கிறார்கள். அதனால்தான் போவதில்லை" என்றாள். மற்றவர் தலையசைத்தனர். அவர்கள் வேண்டியவை இரண்டே: உள்ளே பேசுவது வெளியே கேளாத ஓர் அறை, வாரத்தில் ஒரு மாலை மருந்தகம் திறந்திருத்தல்.

கூட்டக் குறிப்பை எழுதியவர் நாம். ஆங்கிலத்தில் எழுதினோம், அவ்வாங்கிலத்தைப் பற்றி நமக்குச் சிறிது கர்வமும் உண்டு. மாலை நேரத்தைக் குறித்தோம். இரகசியம் வெளியாவதை விட்டுவிட்டோம். டிரஸ்ஸர் நம் சிநேகிதர் என்பது ஒரு காரணம். பெண்பிள்ளையின் அப்பேச்சு ஏட்டில் ஏறலாகாது என்னும் போலிக் கௌரவம் மற்றொன்று. மருந்தகச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். புதிய பெஞ்சு போட்டார்கள். அடுத்த கூட்டத்திற்கு மூவர் வந்தனர். அப்பெண் வரவில்லை.

பெற்றோர் அறியாத இரகசியம் பிள்ளைகளுக்கு எதற்கு என்று கேட்பாருண்டு. இதனை எளிதில் தள்ள இயலாது; நாமும் ஒரு மகளுக்குத் தகப்பன். ஆனால் அஞ்சிய பிள்ளை தகப்பனிடமும் சொல்லாது, வைத்தியரிடமும் சொல்லாது. நோய் ஒருவரும் அறியாமல் வளரும். உயிருக்கு ஆபத்தென்றால் வைத்தியர் சொல்லியே தீரவேண்டும். அவ்வெல்லையை முன்கூட்டியே பிள்ளைக்குத் தெரிவித்துவிட்டால் வஞ்சனை இல்லை.

நம்மை வருத்தும் கேள்வி வேறு. கேளாமலே இருந்தவரைவிடக் கேட்டுவிட்டு மறைத்தவர் கொடியவர் அல்லரோ? கேளாதவர் அவளிடமிருந்து எதையும் பெறவில்லை. நாமோ அவள் கூச்சத்தை விட்டுச் சொன்ன சொல்லைப் பெற்றுக்கொண்டு, அவளுக்கு வெள்ளையடித்த சுவரைக் காட்டினோம்.

அக்குறிப்பின் நகல் இன்னும் நம் மேசையில் இருக்கிறது. விடுபட்ட வரியை இப்போது எழுதிச் சேர்த்துள்ளோம். அனுப்புமுன் டிரஸ்ஸரிடம் காட்டவேண்டும். அவளிடமும் கேட்கவேண்டும், சொல் அவளுடையதாகையால். ஜொகூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பதாகக் கேள்வி.