தென்வானில் ஒரு குரு தரிசனம்

தை, மாசி மாதங்களில் இரவு 9 மணி வாக்கில் மொட்டை மாடியில் தெற்கு முகமாக நின்று பாருங்கள். உயரத்தில் பளீரென்று மின்னுவது சிரியஸ் நட்சத்திரம். அதற்குக் கீழே, பிரகாசத்தில் அடுத்த இடத்தில் இருப்பவர்தான் அகத்தியர்! மேல்நாட்டார் கனோபஸ் என்பார்கள். அடிவானத்தை ஒட்டியிருக்கும்போது ஆரஞ்சு நிறம். மேலே வரவர வெண்மை.

சிவ- பார்வதி திருக்கல்யாணத்தின்போது வடதிசை தாழ்ந்துவிட, உலகைச் சமன்படுத்த தெற்கே அனுப்பப்பட்டவர் இந்தக் குறுமுனி. தென்காசியை அடுத்த திருக்குற்றாலத்துக்கு அவர் வந்தபோது, அது பெருமாள் கோயில். திருநீறு பூசியவரை உள்ளே விடவில்லை. அருகிலுள்ள இலஞ்சிக்குச் சென்று குமரனை வணங்கினார். அவன் அருளிய யோசனைப்படி திருமண் தரித்துத் திரும்பி வந்தார். திருமாலின் சிரசில் கை வைத்து 'குறுகுக' என்றார். மாலவன் சிவலிங்கமானார் என்கிறது தலபுராணம். அவர் அழுத்தியதால் வந்த தலைவலி தீரவே, குற்றாலநாதருக்குத் தினமும் மூலிகைத் தைலம் சாற்றுகிறார்கள்.

ஆண்டவனுக்கே தலைவலி என்றால், தைலம் தேய்க்க ஒரு கை வேண்டியிருக்கிறது! நம் வீட்டு மாமியாரோ, அம்மாவோ 'முழங்கால் வலிக்குதும்மா' என்றால், 'வயசானா அப்படித்தான்' என்று சொல்லிவிட்டு டி.வி. முன் உட்காரலாமா?

இந்த நட்சத்திரமும் முதுமையை எட்டியதுதான். மையத்திலிருந்த ஹைட்ரஜன் தீர்ந்து, சூரியனைப்போல் சுமார் 70 மடங்கு விட்டத்துக்கு விரிந்திருக்கிறது. முதுமை வந்தும் ஒளி மங்கவில்லை. நாம் இன்று காணும் ஒளி, சுமார் 310 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. மதுரையில் முத்து விஜயரங்க சொக்கநாத நாயக்கர் ஆண்ட காலம் அது; தென்காசி அருகே மேலகரத்தில் பிறந்த திரிகூட ராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடியதும் அவர் காலத்தில்தான்!

பெரியவர்களின் ஆசியும் இப்படித்தான். இன்று அவர்கள் மனம் குளிர்ந்து சொல்லும் ஒரு வார்த்தை, அவர்கள் மறைந்த பிறகும் நம் பேரப் பிள்ளைகளை வந்தடையும். வருத்தமும் அப்படியே வந்து சேரலாம் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்த முறை குற்றாலம் சென்றால், அருவியில் நீராடிய கையோடு திரும்பிவிடாதீர்கள். சங்கு வடிவில் அமைந்த கோயிலில் குற்றாலநாதரையும் குழல்வாய்மொழி அம்மையையும் தரிசியுங்கள். போக முடியாதவர்கள் தென்வானை நோக்கி, 'ஓம் அகஸ்தியாய நமஹ' என்று கைகூப்புங்கள். பிறகு கீழே இறங்கி வந்து, வீட்டுப் பெரியவரின் காலுக்குக் கொஞ்சம் தைலம் தேய்த்துவிடுங்கள். குற்றாலநாதர் அதையும் தனக்குச் சாற்றிய தைலமாகவே ஏற்றுக்கொள்வார்!